மலைப்பாதையில் ஒரு முழுநாள் குதிரைச் சவாரி: முந்தைய வாரங்களிலிருந்து மறுநாள் காலை வரை

மைதானத்தில் ஒரு மணி நேரம் நன்றாகச் சவாரி செய்பவர்களும் மலையில் ஒரு முழுநாள் என்று வரும்போது தடுமாறிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பெரும்பாலும் சவாரி தெரியாமல் இல்லை. எதை எப்போது செய்வது என்ற வரிசைதான் தெரிவதில்லை. பிற்பகல் மூன்று மணிக்குக் குதிரையின் முதுகில் வெளிப்படும் புண், காலையில் சேணத் துணியில் விழுந்த ஒரு மடிப்பில் தொடங்கியிருக்கும். எனவே நாளின் வரிசையிலேயே படிகளைத் தருகிறேன். நடையிலும் மெல்லோட்டத்திலும் குதிரையை நடத்தத் தெரிந்தவர், ஆறு முதல் எட்டு மணி நேரம் சேணத்தில் இருக்கப்போகிறவர் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். குதிரை சொந்தமானாலும் வாடகைக்கு எடுத்ததானாலும் படிகள் மாறுவதில்லை.

1. சில வாரங்களுக்கு முன்

பயிற்சி தொடங்கினால் குதிரையின் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாணும் எலும்பும் குளம்பும் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்காமல் ஏறுகிற குதிரையைப் பார்த்து, தயாராகிவிட்டது என்று எண்ணுபவர்கள் ஏமாறுவது இதனால்தான்: அதே குதிரை இறக்கத்தில் நொண்டத் தொடங்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மேடு பள்ளமான தரையில் நடத்தி, தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கடைசி வாரத்தில் கூட்ட வேண்டாம்.

அடுத்தது சுமை. சவாரி செய்பவர், சேணம், பைகள் எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 90 கிலோ. மலை என்பதால் அந்த வரம்புக்குக் கீழேயே நிற்பது நல்லது. புதியவர்கள் தங்கள் எடையை மட்டும் கணக்கிட்டு, சேணமும் தண்ணீரும் சேர்ந்தாலே 15 கிலோவை எட்டிவிடும் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

லாடத்தைச் சவாரிக்கு ஒரு வாரம் முன்பு மாற்றுங்கள். முந்தைய நாள் மாற்றாதீர்கள். ஆணி உணர்ச்சியுள்ள பகுதிக்கு நெருக்கமாக இறங்கியிருந்தால் அந்த வலி வெளியே தெரிய ஓரிரு நாள் ஆகலாம். லாடம் அடித்து ஆறு வாரம் கடந்திருந்தால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ஆணிகளின் பிடி தளர்ந்திருக்கக்கூடும். பாறைப் பாதை அதைக் கழற்றிவிடும்.

2. பாதையும் நேரமும்

சமதரையில் குதிரை மணிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் நடக்கும். மலைப்பாதையில் 4 முதல் 5 வரை என்றும், செங்குத்தான கல்பாதையில் 3 என்றும் வைத்துக் கணக்கிடுங்கள். 25 கிலோமீட்டர் என்றால் நடைக்கு மட்டும் ஆறு மணி நேரம் ஆகலாம். அதன் மேல் ஒன்றரை மணி நேரம் நிறுத்தங்களுக்கு. இந்தக் கணக்கின்படி சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது முடியாத பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு லாடம் கழன்றால் கடைசி மூன்று கிலோமீட்டரை நடந்தே கடக்க வேண்டியிருக்கும்.

திரும்பும் நேரம் ஒன்றைப் புறப்படும் முன்பே முடிவுசெய்து எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். அந்த நேரம் வந்ததும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்பிவிட வேண்டும். களைத்தபின் எடுக்கும் முடிவு எப்போதும் 'இன்னும் கொஞ்சம்' என்ற பக்கமே சாயும் என்பதால், இதைக் களைப்பில்லாதபோதே எடுத்து வைக்கிறோம்.

பாதையை அண்மையில் கடந்த ஒருவரிடம் மூன்று செய்திகளைக் கேளுங்கள்: எங்கெங்கே தண்ணீர் இருக்கிறது, மண் எங்கே சரிந்திருக்கிறது, மரம் எங்கே விழுந்து கிடக்கிறது. கால்நடையாகச் செல்பவர் ஒரு நிமிடத்தில் தாண்டிவிடும் மரம் குதிரையை முழுமையாகத் தடுத்துவிடும். ஆகவே நடப்பவர்களிடம் கேட்டுப் பெறும் 'பாதை நன்றாக இருக்கிறது' என்ற பதிலை அப்படியே நம்ப வேண்டாம். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

3. எதை உடம்பில் வைப்பது, எதைச் சேணத்தில் வைப்பது

நீங்கள் விழுந்து, குதிரை ஓடிவிட்டது என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அப்போது தேவைப்படும் பொருள்கள் எல்லாம் உங்கள் உடம்பில் இருக்க வேண்டும்: கைப்பேசி, விசில், கத்தி, தீப்பெட்டி, காயக்கட்டு, ஒரு சிறிய புட்டித் தண்ணீர். இவற்றைச் சேணப் பையில் வைப்பதுதான் நான் அதிகம் பார்த்த பிழை.

சேணத்துக்குப் போவன: மழையங்கி, உணவு, மீதித் தண்ணீர், குளம்பில் சிக்கியதை எடுக்கும் கொக்கி, லாடம் கழன்றால் மாட்டுவதற்குக் குதிரையின் அளவுக்கேற்ற குளம்புக் காலணி ஒன்று, அறுந்த வாரைக் கட்டத் தோல் கயிறு, தலைவிளக்கு. இருபுறப் பைகளின் எடையும் சமமாக இருக்க வேண்டும். ஒரு கிலோ வேறுபாடுகூட எட்டு மணி நேரத்தில் சேணத்தை ஒரு பக்கம் இழுத்து, முதுகெலும்பின் மீது அழுத்தும். பையைக் கட்டியபின் கையால் குலுக்கிப் பாருங்கள். கலகலக்கும் ஓசை வந்தால் துணி திணித்து அடக்குங்கள்.

தலைக்கவசமும், ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் குதிகால் உள்ள காலணியும் கட்டாயம். குதிகால் இல்லாத காலணி அங்கவடிக்குள், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையத்துக்குள், முழுவதும் நுழைந்துவிட்டால், விழும்போது கால் மாட்டிக்கொண்டு குதிரை இழுத்துச் செல்லும்.

மழையங்கியை வீட்டிலேயே குதிரையின் மீது படபடவென்று அசைத்துப் பழக்குங்கள். முதன்முறையாக மலைமுகட்டில், காற்றில், அதன் முதுகில் அமர்ந்தபடி விரிப்பவர்கள் பெரும்பாலும் தரையில்தான் அணிந்து முடிக்கிறார்கள்.

4. புறப்படும் காலை

குதிரைக்கு வைக்கோலும் தண்ணீரும் அதிகாலையிலேயே கிடைத்திருக்க வேண்டும். அதன் இரைப்பை சிறியது. நார் உணவு சிறிது சிறிதாக இடைவிடாமல் போய்க்கொண்டிருப்பதற்கென்றே அதன் குடல் அமைந்துள்ளது. எனவே வைக்கோலை நிறுத்தாதீர்கள். தானியத்தைத்தான் புறப்படும் நேரத்தை ஒட்டி நிறையக் கொடுக்கக்கூடாது.

பிறகு நான்கு குளம்புகளையும் தூக்கிச் சுத்தம் செய்து, ஒவ்வொரு லாடத்தையும் கையால் அசைத்துப் பாருங்கள். முதுகையும் வயிற்று வார் படும் இடத்தையும் தூரிகையால் தேய்த்தபின், உள்ளங்கையால் ஒருமுறை தடவுங்கள். கண்ணுக்குத் தப்பிய முள்ளும் காய்ந்த மண்ணும் கைக்குத் தட்டுப்படும்.

சேணத் துணியைத் தோள்மேட்டுக்கு, அதாவது பிடரி முடிந்து முதுகு தொடங்கும் உயர்ந்த இடத்துக்கு, சற்று முன்னால் வைத்துப் பின்னோக்கி இழுத்து அமர்த்துங்கள். அப்போது அடியிலுள்ள மயிர் இயல்பான திசையில் படிந்துவிடும். முன்னோக்கித் தள்ளினால் மயிர் எதிர்த்து நின்று, நாள் முழுவதும் உராயும். சேணத்தை ஏற்றியபின் துணியின் நடுப்பகுதியைச் சேணத்தின் வளைவுக்குள் மேலே தூக்கிவிடுங்கள். அது தோள்மேட்டின் மீது இறுக்கமாகப் படிந்தால் பிற்பகலில் அங்கே வீக்கம் தெரியும்.

வயிற்று வாரை மூன்று தவணைகளில் இறுக்க வேண்டும்: கட்டும்போது, குதிரையைப் பத்தடி நடத்தியபின், ஏறுவதற்குச் சற்று முன். வார் இறுகும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும் என்பதால் ஒரே இழுப்பில் இறுக்கியது ஐந்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். கடைசியில் முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னோக்கி இழுத்துவிட்டால், வாருக்கடியில் சுருங்கிய தோல் நேராகும்.

மலைக்கு இன்னும் இரண்டு வார்கள் தேவை. மார்பு வார் ஏற்றத்தில் சேணம் பின்னால் நழுவாமல் பிடிக்கும். வாலுக்கு அடியில் செல்லும் வால் வார் இறக்கத்தில் முன்னால் சரியாமல் பிடிக்கும். மார்பு வாருக்கும் மார்புக்கும் இடையே ஒரு கைம்முட்டி நுழைய இடம் விடுங்கள். வால் வாருக்குப் பழகாத குதிரைக்கு அன்று காலை அதை முதன்முறை மாட்டாதீர்கள், உதைக்கும்.

கடிவாளத்துக்கு அடியில் தலைக்கயிறு ஒன்றும் இருக்கட்டும். மரத்தில் கட்டும்போது அந்தக் கயிற்றால் மட்டுமே கட்ட வேண்டும். கடிவாள வாரால் கட்டப்பட்ட குதிரை மிரண்டு பின்வாங்கினால் வாரும் அறும், வாயும் கிழியும்.

5. முதல் ஒரு மணி நேரம்

சரிவில் நின்று ஏறுவதானால் மேட்டுப் பக்கத்திலிருந்து ஏறுங்கள். பாறையோ திட்டோ கிடைத்தால் அதன் மீது நின்று ஏறுங்கள். கீழிருந்து தொங்கி ஏறினால் சேணம் முறுகும், குதிரையும் நிலைகுலையும்.

முதல் இருபது நிமிடம் நடை மட்டுமே. குதிரை உற்சாகமாக இழுக்கும். அந்த உற்சாகத்துக்கு இடம்கொடுத்தால் அதற்கான விலையை மாலையில் கொடுப்பீர்கள். இருபது நிமிடம் முடிந்ததும் நிறுத்தி இறங்கி, வயிற்று வாரை மீண்டும் சோதியுங்கள். உடல் சூடேறி, துணி அமுங்கி, பெரும்பாலும் ஒரு துளை அளவு தளர்ந்திருக்கும். அன்றைய நாளில் எந்த நிறுத்தத்தைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

குழுவாகச் செல்லும்போது ஒரு குதிரை நீளம் இடைவெளி விடுங்கள். உங்கள் குதிரையின் காதுகளுக்கு நடுவே முன்குதிரையின் பின்னங்குளம்புகள் தெரிந்தால் இடைவெளி சரி. உதைக்கும் பழக்கமுள்ள குதிரை கடைசியில் வரட்டும். அதன் வாலில் சிவப்பு நாடா கட்டுவது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். ஏற்றத்தில் கடைசிக் குதிரை பின்தங்கினால் முன்னே செல்பவர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அது கூட்டத்தைப் பிடிப்பதற்காக ஓடி, தன் வலிமையைச் செலவழித்துவிடும்.

6. ஏற்றம்

ஏற்றத்தில் குதிரையைத் தள்ளுவது பின்னங்கால்கள். இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து, சேணத்தின் பின்பகுதியிலிருந்து எடையை எடுத்துவிடுங்கள். கடிவாள வாரைத் தளர்த்துங்கள். கழுத்தை நீட்டித் தாழ்த்தினால்தான் குதிரைக்குச் சமநிலை கிடைக்கும். சமநிலைக்கு எதையாவது பிடிக்க வேண்டுமானால் பிடரி மயிரைப் பிடியுங்கள். வாரைப் பிடித்துத் தொங்குபவர்கள் குதிரையின் வாயில்தான் தொங்குகிறார்கள்.

செங்குத்தான ஏற்றத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, கால் ஊன்றச் சமமான இடமாகப் பார்த்து, குதிரையைச் சரிவுக்குக் குறுக்காக நிறுத்துங்கள். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. விரியும் மூக்குத் துளைகளையும் விலாவையும் பார்த்து, மூச்சு அடங்கியபின் தொடருங்கள். ஒரு நிமிடத்தில் அடங்க வேண்டியது மூன்று நிமிடம் எடுக்கிறது என்றால் இறங்கி நடங்கள்.

7. குறுகிய விளிம்பும் திரும்புதலும்

ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம் என்ற இடத்தில் புதியவர்கள் தம்மையறியாமல் பாறைப் பக்கம் சாய்வார்கள். அந்த எடையைச் சமன்செய்யக் குதிரை எதிர்த்திசையில், அதாவது விளிம்பை நோக்கி, நகரும். நடுவில் அமர்ந்து, பார்வையை முன்னே பாதையில் வைத்து, குதிரையைத் தன் போக்கில் விடுங்கள். சில குதிரைகள் விளிம்பிலேயே நடக்கும், குறிப்பாகப் பொதி சுமந்து பழகியவை. பை பாறையில் இடிக்காமல் இருக்க அவை கற்றுக்கொண்ட வழி அது.

இத்தகைய இடத்தில் திரும்பியே ஆகவேண்டும் என்றால், குதிரையின் தலையைப் பள்ளத்தின் பக்கமாகத் திருப்புங்கள். கேட்கும்போதே நெஞ்சு பதறும். ஆனால் காரணம் எளியது. முன்னங்கால்களை எங்கே வைக்கிறது என்பதைக் குதிரையால் பார்க்க முடியும், பின்னங்கால்களைப் பார்க்க முடியாது. தலையைப் பாறைப் பக்கம் திருப்பினால் பார்க்க முடியாத கால்கள் விளிம்புக்குப் போய்விடும். இடம் போதாது என்று தோன்றினால் திருப்ப முயல வேண்டாம். அகலமான இடம் வரை முன்னேயே செல்லுங்கள்.

எதிரே நடந்து வருபவர்களிடம் தொலைவிலேயே பேச்சுக் கொடுத்து, பாதையின் தாழ்ந்த பக்கத்தில் ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள். மிரண்ட குதிரை பெரும்பாலும் மேட்டை நோக்கியே பாயும் என்பதாலும், மேலிருந்து தெரியும் உருவம் வேட்டை விலங்கை நினைவூட்டும் என்பதாலும் இப்படிச் செய்கிறோம். அவர்கள் பேசிக்கொண்டே நிற்பதும் நல்லது. முதுகில் பெரிய பையுடன் அசையாமல் நிற்கும் உருவத்தை மனிதர் என்று குதிரை அறிந்துகொள்வது குரலால்தான்.

8. ஓடையும் தண்ணீரும்

ஓடையில் அகலமும் ஆழக்குறைவும் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குறுகிய இடத்தில் ஆழமும் வேகமும் கூடும். குதிரை தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்க நேரம் கொடுங்கள். தலையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வார் எதுவும் மாட்டியிருந்தால் இறங்குமுன் கழற்றிவிடுங்கள்; நீந்த நேர்ந்தால் தலையைத் தூக்க முடியாமல் குதிரை மூழ்கிவிடும். கடக்கும்போது ஓடும் நீரைப் பார்க்காமல் எதிர்க்கரையைப் பாருங்கள். நீரைப் பார்த்தால் தலை சுற்றும், உடல் சாயும், குதிரையும் நீரோட்டத்தின் திசையில் நகரும்.

ஒவ்வொரு நீர்நிலையிலும் குடிக்க விடுங்கள். வேலை செய்யாத நாளிலேயே வளர்ந்த குதிரைக்கு 20 லிட்டருக்கு மேல் தேவை. வெயிலில் வேலை செய்தால் அது இரண்டு மடங்காகலாம். சூடான குதிரைக்குத் தண்ணீர் காட்டினால் வயிற்றுவலி வரும் என்ற பழைய நம்பிக்கை இன்னும் நிலவுகிறது. நடையைத் தொடரப்போகும் குதிரைக்கு அதனால் தீங்கில்லை. குடிக்காமல் விடுவதுதான் ஆபத்து. குதிரையின் வியர்வையில் உப்பு மிகுதி. நீரும் உப்பும் சேர்ந்து போவதால், உடல் வற்றும்போதும் அதற்குத் தாகம் தோன்றாமல் போகலாம். உப்புக் கலவை கொடுப்பதானால் தண்ணீர் கிடைக்கும் இடத்தில் மட்டும் கொடுங்கள்.

ஒரு குதிரை குடிக்கும்போது மற்றவை நகரக்கூடாது. தோழர்கள் போய்விடுவார்கள் என்ற அச்சத்தில் அது குடிப்பதை நிறுத்திவிடும்.

9. நண்பகல் நிறுத்தமும் நாடித்துடிப்பும்

உயிருள்ள, அசையாத மரத்தில், தோள்மேட்டுக்கு மேல் உயரத்தில், ஒரு கை நீளக் கயிற்றில், இழுத்தால் அவிழும் முடிச்சாகக் கட்டுங்கள். நீளமாகவோ தாழ்வாகவோ கட்டினால் குதிரை காலை மாட்டிக்கொள்ளும். வயிற்று வாரைத் தளர்த்துங்கள்.

நின்றவுடன் நாடியைப் பாருங்கள். இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தோ, தாடையின் கீழ்விளிம்பில் ஓடும் தமனியை விரலால் தொட்டோ 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44 வரை இருப்பது இயல்பு. நின்று பத்துப் பதினைந்து நிமிடத்தில் 64-க்குக் கீழே வந்துவிட்டால் குதிரை தொடரலாம். நெடுந்தொலைவுப் போட்டிகளின் மருத்துவச் சோதனையிலும் பெரும்பாலும் 64-தான் வரம்பு. அரை மணி நேரமாகியும் இறங்கவில்லை என்றால் அன்றைய சவாரி முடிந்தது. தண்ணீர் ஊற்றி, நிழலில் நிறுத்தி, பிறகு மிகக் குறுகிய வழியில் நடத்தியே கூட்டிச் செல்லுங்கள்.

அப்படியே பல் ஈறுகளையும் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்த வெளுத்த புள்ளி இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பாக மாற வேண்டும்.

10. வானமும் உயரமும்

ஏறும் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் வெப்பம் சுமார் 6.5 பாகை குறையும். கோடையில் மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், மரமற்ற முகடுகளை நண்பகலுக்குள் கடந்துவிடும்படி திட்டமிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று நொடி என்றால் ஒரு கிலோமீட்டர் தொலைவு. 30 நொடிக்குள் இடி கேட்டால் முகட்டிலிருந்து உடனே இறங்க வேண்டும். 2500 மீட்டருக்கு மேல் தலைவலியும் குமட்டலும் வந்தால் ஏறுவதை நிறுத்துங்கள். தணியாவிட்டால் கீழே இறங்குங்கள்.

11. இறக்கம்

நாளின் கடினமான பகுதி இதுதான். நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. இறக்கத்தில் உங்கள் எடையும் சேர்ந்து முன்னே சரிகிறது, அதுவும் குதிரை களைத்த நேரத்தில். குதிகாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து அமருங்கள். மல்லாந்து சாய்ந்தால் சேணத்தின் பின்விளிம்பு இடுப்புத் தசையில் குத்தும், அது பின்னங்கால்களை அடியில் மடக்கி இறங்கத் தடையாகும்.

நீளமான இறக்கங்களில் இறங்கி நடங்கள். குதிரையின் மூட்டுகளுக்கும் ஓய்வு, உங்கள் முழங்காலுக்கும் விடுதலை. நடத்தும்போது குதிரைக்கு நேர் முன்னால் நடக்காமல் சற்று ஒருபக்கமாக நடங்கள். அது வழுக்கினால் உங்கள் மேல்தான் வந்து விழும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். வளைந்து இறங்கும் பாதையில் குறுக்கே வெட்டி இறங்குவது மண்ணைச் சரித்துவிடும், குதிரையின் காலுக்கும் ஆபத்து.

12. சவாரியை உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

பின்பகுதித் தசைகள் கல்லாக இறுகி, குதிரை அடியெடுத்து வைக்க மறுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அது தசைச் சிதைவு. அந்த இடத்திலேயே நிறுத்தி மருத்துவரை அழையுங்கள். நடக்க வைத்தால் சரியாகும் என்று நடத்துவது நிலைமையை மோசமாக்கும். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தரையைச் சுரண்டுவது, படுக்க முயல்வது ஆகியவை குடல் வலியின் அறிகுறிகள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் இதைத் தானாகத் தீரும் என்று விட முடியாது. இதயத் துடிப்பின் தாளத்தில் விலா துள்ளுவது தெரிந்தால் உப்புச்சத்து நிலைகுலைந்திருக்கிறது.

13. திரும்பியபின்

கடைசி இரண்டு கிலோமீட்டரை நடையிலேயே முடியுங்கள். வந்து நின்றதும் சேணத்தைப் பிடுங்கி எடுக்காமல், வாரைத் தளர்த்திச் சில நிமிடம் அப்படியே விட்டபின் இறக்குங்கள். எட்டு மணி நேரம் அழுந்திய இடத்தில் இரத்த ஓட்டம் மெதுவாகத் திரும்பட்டும். முதுகில் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். இருபுறமும் ஒரே சீராக நனைந்திருக்க வேண்டும். ஈரத்துக்கு நடுவே காய்ந்த திட்டு ஒன்று இருந்தால் சேணம் அங்கே அளவுக்கு மீறி அழுத்தியிருக்கக்கூடும்.

தண்ணீரும் வைக்கோலும் முதலில். தானியம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. கால்களை மேலிருந்து கீழாகக் கையால் தடவி, எங்கே சூடு, எங்கே வீக்கம் என்பதை நினைவில் வையுங்கள்.

மறுநாள் காலையில் அதே இடங்களைத் திரும்பத் தொட்டுப் பார்த்து, முதுகெலும்பின் இருபக்கமும் விரல்நுனியால் அழுத்திச் செல்லுங்கள். வலித்தால் குதிரை முதுகைத் தாழ்த்தும். பிறகு கெட்டியான சமதரையில் கயிற்றில் பிடித்து மெல்லோட்டத்தில் இருபது அடி ஓட விடுங்கள். அடியெடுத்து வைக்கும்போது தலை மேலெழுந்தால் அந்த முன்னங்காலில் வலி இருக்கிறது. அது மறையும் வரை சேணம் சுவரில் தொங்கட்டும்.